படைவீடு: மலையே மதிலான ஊர்

படைவீடு திருவண்ணாமலை மாவட்டத்தில், சந்தவாசலுக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள பழைய கோட்டையூர். இன்று படவேடு என வழங்குகிறது. தொண்டைமண்டலத்தில் ஆட்சி செய்த சம்புவராயர்களுக்கு 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தலைநகராக விளங்கியது. விசயநகரப் பேரரசின் காலத்தில் இவ்வூரின் பெயரால் ஒரு மாகாணமே 'படைவீட்டு இராச்சியம்' என அழைக்கப்பட்டது. இன்று இவ்வூருக்கு வருவோரில் பெரும்பாலோர் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருபவர்கள். ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெருங்கூட்டம் கூடும்.

படைவீட்டைப் பற்றிய எழுத்துகளில் இரண்டு போக்குகளைக் காணலாம். ஒன்று, கோயில்களைப் பட்டியலிட்டுத் தலபுராணம் சொல்வது. மற்றொன்று, 'மலைமேல் இருந்த மாபெரும் கோட்டை நகரம்' என்று பெருமை பேசுவது. இரண்டுமே ஊரின் உண்மையான அமைப்பை மறைத்துவிடுகின்றன. ஊர் பள்ளத்தாக்கில் இருந்தது. அரசனின் இறுதி அரண் உச்சியில் இருந்தது. சுற்றிலும் ஜவ்வாது மலையின் கிளைகள் மதிலாக நின்றன. இம்மூன்றையும் ஒரே திட்டமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் படைவீட்டின் சிறப்பும் அதன் குறையும் விளங்கும். அவ்வாறு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்

'படைவீடு' என்னும் சொல்லுக்குப் படை தங்கும் இடம், பாசறை என்பது பொருள். முருகனின் அறுபடைவீடுகள் என்னும் வழக்கில் இச்சொல் அனைவருக்கும் அறிமுகமானது. தொண்டைமண்டலத்துப் பழைய ஊர்ப் பெயர்களில் பாக்கம், மங்கலம், நல்லூர், புரம் ஆகிய ஈறுகள் மிகுதி. அவை உழவு, பிராமணர் குடியிருப்பு, வணிகம் முதலியவற்றோடு தொடர்புடையவை. படைவீடு என்ற பெயரில் அத்தகைய ஈறு எதுவும் இல்லை. படை இறங்கிய இடம் காலப்போக்கில் தலைநகராக வளர்ந்ததைப் பெயரே காட்டுகிறது எனலாம்.

ஊருக்குக் கிழக்கே சமவெளிப் பக்கம் உள்ள சந்தவாசலின் பெயரில் 'வாசல்' இருப்பதும் நோக்கத்தக்கது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் வருவோர் அங்கே மேற்கே திரும்பித்தான் படைவீட்டுக்குள் நுழைகின்றனர். மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலப்பகுதிக்குத் திறந்திருக்கும் பக்கம் கிழக்கு. வாசல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் அமைந்திருப்பது நில அமைப்போடு நன்கு பொருந்துகிறது.

மூன்று அடுக்குகள்

படைவீட்டின் அமைப்பை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம்.

முதல் அடுக்கு மலை வளையம். ஜவ்வாது மலைத்தொடர் இவ்விடத்தில் சமவெளியை நோக்கிக் கிளைகளை நீட்டுகிறது. அவற்றின் இடையே அகன்ற பள்ளத்தாக்கு ஒன்று அமைந்துள்ளது. கமண்டல நாகநதி இப்பகுதி வழியாகச் சமவெளிக்கு இறங்கி, ஆரணிப் பக்கம் ஓடிச் செய்யாற்றில் கலக்கிறது.

இரண்டாம் அடுக்கு பள்ளத்தாக்கில் இருந்த ஊர். கோயில்கள், குடியிருப்புகள், வயல்கள், நீர்நிலைகள் ஆகியவை இங்கே இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வடஆர்க்காடு மாவட்டக் குறிப்பு இங்கே பெரிய கோட்டை, சின்னக் கோட்டை என இரண்டு கோட்டைகளைச் சொல்கிறது. அம்மையப்பேசுவரர் கோயில், ரேணுகாம்பாள் கோயில், யோக நிலையில் அமர்ந்த இராமரைக் கொண்ட கோயில் முதலியன இப்பகுதியில் உள்ளவை.

மூன்றாம் அடுக்கு இராசகம்பீரன் மலை. ஊரார் இதைக் கோட்டைமலை என்பர். இது 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட இராசகம்பீரச் சம்புவராயனின் பெயரால் அமைந்தது. அம்மையப்பேசுவரர் கோயில் கல்வெட்டொன்று இவனைக் குறிப்பிடுகிறது. அதில் காணும் சக ஆண்டு 1180 என்பது கி.பி. 1258ஐ ஒட்டிய காலம். இக்கல்வெட்டு 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளது. சம்புவராயர் குடியில் 'செங்கேணி அம்மையப்பன்' என்ற பெயர் பலமுறை வருவதால், கோயிலின் பெயரையும் மலையின் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். கீழே கோயிலுக்குக் குடிப்பெயர், மேலே மலைக்கு மன்னன் பெயர் என்று ஒரே குடும்பத்தின் முத்திரை இரண்டு அடுக்குகளிலும் பதிந்திருக்கிறது. பள்ளத்தாக்கையும் உச்சியையும் தனித்தனி இடங்களாகக் கருதக் கூடாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

16 மைல் என்ற கணக்கு

மாவட்டக் குறிப்பு படைவீட்டு நகரின் சுற்றளவை 16 மைல் என்கிறது. கோயில்களும் சத்திரங்களும் மாளிகைகளும் நிறைந்திருந்த நகரம் பின்னர் காடு மண்டியது என்றும் அது கூறுகிறது. இந்த 16 மைல் என்ற எண் பிற்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அது எதன் அளவு என்று கேட்பவர் குறைவு.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 16 மைல் என்பது ஏறத்தாழ 25.7 கிலோமீட்டர். இதை ஒரு வட்டத்தின் சுற்றளவாகக் கொண்டால் அதன் விட்டம் 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பரப்பு ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் ஆகும். செஞ்சிக் கோட்டையின் மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர், அவை சூழ்ந்த பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர், அதாவது அரை சதுர கிலோமீட்டரை ஒட்டியது. 16 மைலையும் கட்டிய மதிலின் நீளமாகக் கொண்டால், செஞ்சி மதிலைப்போல் இருமடங்கு நீளமான மதிலைச் சம்புவராயர்கள் எழுப்பியதாகக் கருத வேண்டும். ஒரு மண்டலத்தின் குறுநில மரபாகத் தொடங்கியவர்களுக்கு இது நம்பத்தக்க அளவு அன்று.

அந்த எண்ணை மலை வளையத்தின் சுற்றளவாகக் கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. மலைமுகடுகளைத் தொட்டு ஊரைச் சுற்றி வரும் கோடு அது. அதன் பெரும்பகுதியில் மதிலே தேவைப்படவில்லை. மலை தாழும் இடத்திலும் கிழக்கே திறந்த பக்கத்திலும் மட்டும் மனிதர் கட்டினால் போதும். 16 மைல் என்பதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், மதிலின் நீளம் என்று வியக்கவும் வேண்டாம். இயற்கை கட்டிய மதிலின் அளவு அது எனக் கொள்வதே பொருத்தம்.

கோயில் எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். படைவீட்டில் 1008 சிவன் கோயில்களும் 108 பெருமாள் கோயில்களும் இருந்தன என்பது பரவலான வழக்கு. 108, 1008 ஆகியவை அர்ச்சனைக்கும் நாமாவளிக்கும் உரிய எண்கள். அவற்றை எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 'எண்ணி முடியாத அளவு' என்று ஊரார் சொல்ல விரும்பியதை அந்த எண்கள் சொல்கின்றன. மாணவர்கள் இவற்றைத் தரவாக எழுதாமல் வழக்காக எழுதுவது நன்று.

குறளின் அளவுகோல்

இந்த அமைப்பை மதிப்பிட வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. திருக்குறளின் 75ஆம் அதிகாரமான 'அரண்' தமிழில் உள்ள மிகச் சுருக்கமான கோட்டை இலக்கணம். அது சொல்லும் இலக்கணங்களை ஒவ்வொன்றாகப் படைவீட்டில் பொருத்திப் பார்க்கலாம்.

தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கும் உடையதே அரண் என்கிறார் வள்ளுவர். பொதுவாக ஒரு கோட்டை இந்நான்கில் ஒன்றையோ இரண்டையோ நம்பியிருக்கும். வேலூர் அகழி நீரை நம்பியது. திருச்சிராப்பள்ளிக்குப் பாறை துணை. படைவீட்டில் நான்கும் ஒருசேர உள்ளன. ஆறு நீர் தருகிறது. கிழக்கே சமவெளி விரிந்து, வருகின்ற படையை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. மலையும் அதன்மேல் காடும் மற்றப் பக்கங்களை அடைக்கின்றன.

காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது அடுத்த இலக்கணம். மதில் கட்டுவோர் அனைவருக்கும் உள்ள பழைய சிக்கல் இது. உள்ளிடம் பெருகினால் மதிலும் நீளும், மதில் நீண்டால் காவலர் எண்ணிக்கையும் கூடும். படைவீட்டின் அமைப்பு இச்சிக்கலை நிலத்தைக் கொண்டே தீர்த்திருக்கிறது. பல சதுர கிலோமீட்டர் நிலம் உள்ளே அமைய, காவல் வேண்டிய இடங்கள் சில கணவாய்களாகவும் ஒரு கிழக்கு வாயிலாகவும் சுருங்குகின்றன. கட்டடக்கலை என்றால் கட்டுவது மட்டும்தான் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. எங்கே கட்டத் தேவையில்லை என்று அறிந்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டடக்கலையே. படைவீட்டின் தலையாய சிறப்பு இதுதான்.

உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு உள்ளேயே இருக்க வேண்டும் என்பது மற்றோர் இலக்கணம். பள்ளத்தாக்கின் நீர்வளம் இன்றும் கண்கூடானது. படவேட்டின் வாழைத்தோட்டங்கள் இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றவை. கமண்டல நதிக்குக் குறுக்கே செண்பகத்தோப்பு அணை கட்டப்பட்டிருப்பதும் இவ்விடம் மலைநீர் திரளும் இடம் என்பதைக் காட்டுகிறது. வயலும் ஆறும் அரணுக்குள்ளேயே இருந்தமையால், ஊர் முற்றுகையைத் தாங்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் இந்த இலக்கணத்தில்தான் படைவீட்டின் குறையும் ஒளிந்திருக்கிறது. அதற்கு முன் பிற ஊர்களோடு ஓர் ஒப்பீடு தேவை.

மூன்று ஒப்பீடுகள்

'மதில் சூழ்ந்த மலையூர்' என்றதும் பலருடைய மனத்தில் ஐரோப்பிய ஊர்களின் படமே எழுகிறது. இத்தாலியில் உள்ள மான்டெரிஜியோனி அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சியன்னா நகரத்தார் 1213க்கும் 1219க்கும் இடையே ஒரு சிறு குன்றின் உச்சியில் இதைக் கட்டினர். சுமார் 570 மீட்டர் சுற்றளவுள்ள மதில், அதில் 14 கோபுரங்கள், உள்ளே நெருக்கமான வீடுகள், நடுவே ஒரு தேவாலயம். ஊர் முழுவதும் மதிலுக்குள் அடங்கிவிடுகிறது. வயல்களோ வெளியே கிடக்கின்றன. இராசகம்பீரச் சம்புவராயனின் காலமும் ஏறத்தாழ அதே நூற்றாண்டுதான். ஆனால் படைவீட்டின் 16 மைல் வளையம் அந்த மதிலைப்போல் 45 மடங்கு. அங்கே மதில் வீடுகளை மட்டும் காத்தது, இங்கே வளையம் வயலையும் ஆற்றையும் சேர்த்துக் காத்தது. படைவீட்டை ஐரோப்பிய மலையூரின் தமிழ் வடிவம் என்று எழுதுவது ஆகவே தவறான தொடக்கம்.

விசயநகரம் இதற்கு நெருங்கிய உறவு. 1443இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்களைக் குறிப்பிடுகிறார். வெளிப்புற மதில்களுக்கு இடையே பயிர் நிலங்களும் தோட்டங்களும் வீடுகளும் இருந்தன என்கிறார். பாறைக் குன்றுகளே பல இடங்களில் மதிலின் வேலையைச் செய்தன. உணவு விளையும் நிலத்தையும் நகரத்தின் பகுதியாகக் கருதும் எண்ணம் இரண்டு இடங்களிலும் ஒன்றே.

செஞ்சி மூன்றாவது ஒப்பீடு. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து ஒரு முக்கோணத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நெற்களஞ்சியங்களும் குளங்களும் அந்த மதில்களுக்கு உள்ளேயே உள்ளன. கீழ்க்கோட்டையிலிருந்து இராசகிரி உச்சிவரை வாயிலுக்குப் பின் வாயிலாகக் காவல் தொடர்கிறது. கீழிருப்பவன் பின்வாங்கினால் அடுத்த வாயிலுக்குள் போகலாம். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698வரை இழுத்ததற்கு இத்தொடர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

முற்றுகையில் வெளிப்பட்ட குறை

செஞ்சியில் உள்ள இந்தத் தொடர்ச்சி படைவீட்டில் இல்லை. ஊருக்கும் உச்சி அரணுக்கும் இடையே செங்குத்தான மலைச்சரிவு கிடக்கிறது. இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை 1360ஆம் ஆண்டை ஒட்டி நடந்த போர் காட்டியது.

விசயநகர அரசர் முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணன் தெற்கே படையெடுத்தபோது முதலில் எதிர்ப்பட்டவர் சம்புவராயர். இப்போரைக் கம்பணனின் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியத்தில் பாடியுள்ளார். நெடுங்காலம் அறியப்படாதிருந்த இந்நூலின் ஏட்டுச்சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. முள்பாகலிலிருந்து புறப்பட்ட படை பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தை அடைகிறது. சமவெளியில் போர் நடக்கிறது. காவியம் 'சம்பன்' என்று அழைக்கும் சம்புவராயர் தோற்று இராசகம்பீர மலைக்குப் பின்வாங்குகிறார். கம்பணன் மலையை முற்றுகையிடுகிறான். முடிவில் இருவரும் வாளெடுத்து நேருக்கு நேர் பொருத, சம்பன் மடிகிறார்.

வெற்றி பெற்றவனின் அரண்மனையிலிருந்து பிறந்த காவியம் இது என்பதை மறக்கக் கூடாது. தலைவன் கையாலேயே பகைவன் மடிய வேண்டும் என்பது காவிய மரபின் எதிர்பார்ப்பு. சம்புவராயர் பணிந்தபின் விசயநகரத்துக்கு அடங்கியவராக மீண்டும் அமர்த்தப்பட்டார் என வரலாற்றாசிரியர்கள் கொள்வர். வாட்போரின் முடிவில் காவியத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் போர் நகர்ந்த வழியில் நம்பலாம். சமவெளி, அதன்பின் மலை என்ற வரிசை நில அமைப்போடு பொருந்துகிறது. அலங்காரத்துக்காகப் புனைய வேண்டிய தேவை அதில் இல்லை.

அந்த வரிசையே குறையைக் காட்டிக்கொடுக்கிறது. மன்னன் மலையேறிய கணத்தில் பள்ளத்தாக்கு பகைவன் கைக்குப் போகிறது. ஆறும் வயலும் கோயிலும் குடிகளும் கீழே இருக்க, மன்னனும் படையும் மேலே இருக்கின்றனர். உள்ளிருப்போர்க்கு உணவு வேண்டும் என்ற இலக்கணம் பள்ளத்தாக்கைக் காக்கும்வரை நிறைவேறுகிறது. உச்சிக்குப் போனபின் அதே விளைச்சல் முற்றுகையிடுபவனுக்குச் சோறாகிறது. வளையத்தின் வலிமை முழுவதும் கிழக்கு வாயிலில் தங்கியிருந்தது. அது உடைந்தால் அடுத்த தடுப்பு மலையுச்சிதான். நடுவில் படிப்படியான காவல் அமைந்திருந்தால் ஊர் இவ்வளவு விரைவாகக் கைவிடப்பட்டிருக்காது.

வேறொரு கேள்வியும் இங்கே எழுகிறது. அந்த உச்சி அரண் யாருக்காகக் கட்டப்பட்டது? ஒரு தலைநகரின் குடிகள் அனைவரும் ஏறித் தங்கக்கூடிய இடம் அன்று அது. கோயில்களில் பெரும்பாலானவை கீழேயே இருப்பதும் குடிகள் கீழேயே வாழ்ந்ததைக் காட்டுகிறது. மேல் அரண் அரசனையும் அவன் படையையும் காக்க அமைந்தது. 'மலைக்கோட்டை நகரம்' என்னும் சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. கோட்டையின் பெருமையைப் படிக்கும் மாணவர், மதிலுக்கு வெளியே விடப்பட்டவர் யார் என்றும் கேட்டுப் பழக வேண்டும். அரண் அதிகாரத்தின் இறுதிக் குறளும் ஏறத்தாழ இதையே நினைவூட்டுகிறது. எத்தனை மாண்பு இருந்தாலும் செயலில் மாண்பு இல்லாதவரிடம் அரண் பயன்படாது என்பது அதன் கருத்து.

தலைநகருக்குப் பின்

போரோடு ஊர் அழிந்துவிடவில்லை. விசயநகர ஆட்சியில் படைவீடு மாகாணத் தலைமையிடமாகத் தொடர்ந்தது. விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு புகழ்பெற்றது. படைவீட்டு இராச்சியத்தைச் சேர்ந்த கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிராமணர்கள் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்கியோ கொடுத்தோ திருமணம் செய்வதில்லை என்றும், கன்னிகாதானமாகவே செய்வது என்றும் எழுதிவைத்த உடன்படிக்கை அது. பல மொழியினர் வாழ்ந்த மாகாணத்தின் பெயராகப் 'படைவீடு' நிலைத்திருந்ததை இது காட்டுகிறது.

16ஆம் நூற்றாண்டில் வேலூரில் கற்கோட்டையும் அகழியும் எழுந்தபின் இவ்வட்டாரத்தின் அதிகார மையம் வடக்கே நகர்ந்தது. மலைமடியில் ஒதுங்கி நிற்கும் ஊரைவிட, பாலாற்றுச் சமவெளியில் பெருவழிகள் கூடும் இடத்தில் இருந்த கோட்டை ஆட்சிக்கு வசதியானது. ஒரு காலத்தில் படைவீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்த ஒதுக்கமே பின்னர் அதன் தளர்ச்சிக்கும் காரணமாயிற்று எனலாம்.

இன்றைய நிலை

கடந்த சில பத்தாண்டுகளில் படவேட்டின் பழைய கோயில்கள் பல அறக்கட்டளை உதவியோடு திருப்பணி செய்யப்பட்டு வழிபாட்டுக்கு வந்துள்ளன. கோட்டைமலையின் உச்சியில் உள்ள வேணுகோபால சுவாமி கோயிலும் அன்பர்களை ஈர்க்கிறது. இவை பாராட்டத்தக்க பணிகள். மக்கள் வந்து போகும் இடமே நிலைத்து நிற்கும் என்பதும் உண்மை.

எனினும் இந்த வழியில் மீள்வன கோயில்கள் மட்டுமே. மதிலுக்குப் பூசை இல்லை, அகழிக்கு விழா இல்லை. வாயில் இருந்த இடத்துக்கு உண்டியல் வைப்பாரும் இல்லை. ஒவ்வொரு கோயிலும் தனித்தனியே புதுப்பொலிவு பெறப்பெற, அவை அனைத்தும் ஒரே நகரத்தின் உறுப்புகளாக இருந்தன என்பது பார்வையாளருக்குத் தெரியாமலே போகிறது. படைவீட்டுக்கு வந்து ஐந்து கோயில்களைத் தொழுதுவிட்டுச் செல்பவர், தாம் ஒரு கோட்டைக்குள் நின்றதை அறியாமலே திரும்பக்கூடும்.

செஞ்சிக்குக் கிடைத்த அறிந்தேற்பு இங்கே நினைக்கத்தக்கது. 2025இல் யுனெஸ்கோ மராட்டியர் காலப் படைத்துறை நிலவமைப்புகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி. கட்டடங்களோடு நிலவமைப்பையும் சேர்த்து மதிக்கும் பார்வை அத்தலைப்பிலேயே இருக்கிறது. படைவீடு அத்தகைய பார்வையால் மட்டுமே விளங்கக்கூடிய இடம். செஞ்சியின் மதிலைக் கண்ணால் காணலாம். படைவீட்டின் மதில் மலையாகவே இருப்பதால், எடுத்துச் சொல்லாவிட்டால் அதை மதில் என்று யாரும் அறிய மாட்டார்கள்.

மாணவர்களுக்கான களப்பணி

படைவீட்டுக்குச் செல்லும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கோயில் தரிசனத்தோடு பின்வரும் பணிகளையும் மேற்கொள்ளலாம்.

சந்தவாசலிலிருந்து ஊர்வரை வரும் வழியில், மலை எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு தாளில் கோட்டுப்படம் வரையலாம். காவல் எங்கே வேண்டியிருந்திருக்கும் என்பது அப்படத்திலேயே தெரிந்துவிடும்.

ஊர்ப் பெரியவர்களிடம் வயல், மேடு, பள்ளம், வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதலாம். கோட்டை, அகழி, வாசல், மேடு, பாளையம் போன்ற சொற்கள் வரும் இடங்களைக் கிராம வரைபடத்தில் குறிக்கலாம். மதில் மறைந்தபின்னும் பெயர் சிலகாலம் நிற்கும். பெயர் சொல்லும் தலைமுறையும் மறைந்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

ஒவ்வொரு கோயிலும் எந்தத் திசை நோக்கியுள்ளது, ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, அங்கிருந்து கோட்டைமலை தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளலாம். பத்துக் கோயில்களுக்கு இதைச் செய்தாலே நகரத்தின் வடிவம் தாளில் எழத் தொடங்கும்.

மதில் எச்சங்களின் கற்களைப் பெயர்க்காமலும் அவற்றின்மேல் எழுதாமலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்துவைப்பது எல்லாவற்றினும் முதன்மையானது.

மதிப்பீடு

இடத்தேர்வில் படைவீடு தமிழகத்தின் தலைசிறந்த கோட்டையூர்களுள் ஒன்று. குறள் கூறும் நால்வகை அரணும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. குறைந்த கட்டுமானத்தில் மிகுந்த நிலத்தைக் காக்கும் வழி இங்கே கண்டறியப்பட்டது. உணவையும் நீரையும் நகரத்தின் உறுப்பாகக் கருதிய தொலைநோக்கும் இதில் உண்டு.

இணைப்பில் அது தவறியது. பள்ளத்தாக்கையும் உச்சியையும் இணைக்கும் காவல் தொடர் அமையாததால், முதல் வாயில் விழுந்ததும் ஊரும் அரசும் பிரிந்தன. பெரிய வளையம் குடிகளைக் காக்கும், உச்சி அரண் அரசனைக் காக்கும் என்ற இரு நோக்கங்கள் ஒரே திட்டத்துக்குள் ஒன்றுபடாமலே நின்றன.

இன்றைய பாதுகாப்பிலும் அதே பிரிவு வேறு வடிவில் தொடர்கிறது. கோயில்கள் ஒருபுறம் பேணப்படுகின்றன. அவற்றை ஒன்றாக வைத்திருந்த ஊரின் வடிவம் கேட்பாரின்றிக் கிடக்கிறது. கோட்டைமலை, பள்ளத்தாக்குக் கோட்டைகள், ஆறு, பழைய வாயில் வழி ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் பதிவுசெய்து, அதை ரேணுகாம்பாள் கோயில் வாயிலில் ஒரு பலகையாக வைத்தால்கூடப் போதும். ஆடி வெள்ளிக்கு வரும் கூட்டத்தில் சிலராவது நிமிர்ந்து மலையைப் பார்த்து, அதை மதிலாக அடையாளம் காண்பார்கள்.